இறுக்கினால் கசியும்: சிபாப் மாஸ்க்கும் யாழ்ப்பாணத்து மூக்கும்

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு சிபாப் இயந்திரம், அதாவது நித்திரையில் மூச்சு அடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியே காற்று ஊதும் கருவி, வந்து சேரும் வழி ஒன்றுதான். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் கோயில் திருவிழாவுக்கு வரும்போது, சொக்லேட் பெட்டிகளுக்கும் பிள்ளைகளின் உடுப்புகளுக்கும் நடுவே வைத்துக் கொண்டுவருவார். அப்பாவின் குறட்டையைப் பற்றி அம்மா தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு வாங்கப்பட்ட பொருள் அது. எந்த நிறுவனம், எந்த மாதிரி, என்ன விலை என்று இயந்திரத்தைப் பற்றி மகன் நன்றாக விசாரித்திருப்பார். மாஸ்க்கைப் பற்றிக் கேட்டால், "அதுவும் பெட்டியோடு வந்தது" என்பார்.

இரண்டு கிழமைக்குள் இயந்திரம் அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும். "அவருக்கு ஒத்துவரவில்லை" என்று வீட்டார் சொல்வார்கள். பெரும்பாலும் ஒத்துவராமல் போனது முகத்தில் மாட்டிய அந்தச் சிலிக்கன் துண்டுதான். பழி மட்டும் சிகிச்சையின் மேல் விழுகிறது.

'ஸ்லீப் அப்னியா' எனப்படும் நித்திரை மூச்சுத்தடை நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுவார்கள். குருதியில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, பெரிய செருமல் ஒன்றோடு மூச்சு திரும்புகிறது. படுத்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. "இஞ்சாருங்கோ" என்று நடுச்சாமத்தில் தோளை உலுப்பும் மனைவிக்குத்தான் தெரியும். முழுத் தடையையும் அரைத் தடையையும் சேர்த்து மணிக்கு 5 தடவைக்குக் குறைந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. "நான் மெலிந்த ஆள், எனக்கேன் இந்த வருத்தம்" என்று கேட்பவர்கள் உண்டு. தாடையின் அமைப்பும் இதில் பங்கு கொள்வதால், ஆசியர்களுக்கு அதிக பருமன் இல்லாமலும் இது வரும்.

சிபாப் செய்வது மிக எளிய வேலை. அறையில் இருக்கும் அதே காற்றை உறிஞ்சி, வடிகட்டி, 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அழுத்தத்துக்குள் வைத்தியர் குறித்த அளவில் தொடர்ந்து ஊதுகிறது. அந்த அழுத்தம் தொண்டை சரியாமல் தாங்கி நிற்கிறது. நம்மூரில் இதை 'ஒட்சிசன் மெஷின்' என்று சொல்லுகிற வழக்கம் இருக்கிறது. ஒட்சிசன் எதுவும் இதிலிருந்து வருவதில்லை. காற்றை மூக்குவரை சிந்தாமல் கொண்டு சேர்ப்பது மாஸ்க்கின் பொறுப்பு. அது கசிந்தால் அழுத்தம் விழும், அழுத்தம் விழுந்தால் தொண்டை மூடும்.

மாஸ்க்தான் இடறும் கல் என்பது இந்தச் சிகிச்சை பிறந்த நாளிலிருந்தே தெரிந்த விடயம். 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் இதை முதன்முதலில் மனிதரில் முயன்று பார்த்தார். அடுத்த ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதுவரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த நம்பகமான வழி கழுத்தில் துளையிடுவதுதான். காற்றை ஊதுவதற்கு மோட்டார் கிடைப்பது பெரிய பாடாக இருக்கவில்லை. தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரே போதுமானதாக இருந்தது. மூக்கில் அதைப் பொருத்துவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் அச்செடுத்து, கண்ணாடி இழையில் ஒரு கூடு செய்து, இரவுதோறும் சிலிக்கன் பசையால் முகத்தில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்தெடுப்பார்கள். அப்படியும் சில நோயாளிகள் விடாமல் பாவித்தார்கள் என்றால், ஒரு நல்ல நித்திரைக்கு அவர்கள் எவ்வளவு ஏங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சௌகரியத்தைச் சொகுசு என்று ஒதுக்குபவர்கள் 2016இல் வெளியான 'சேவ்' ஆய்வைப் பார்க்கலாம். இருதய நோயோ மூளையின் குருதிக்குழாய் நோயோ ஏற்கெனவே இருந்த 2,700க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு அது. சிபாப் பாவித்தவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் குறையவில்லை. அந்த ஆய்வில் அவர்கள் இயந்திரத்தைப் பாவித்த சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணித்தியாலம். இதயத்துக்குப் பலன் தெரியாததற்கு வேறு காரணங்களும் பேசப்படுகின்றன என்றாலும், பாதி இரவு மட்டும் போட்ட மாஸ்க்கிலிருந்து முழுப் பலனை எதிர்பார்க்கலாமா என்ற கேள்வியை யாரும் தள்ளிவிட முடியாது. அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதி, 30 நாட்களில் 70 வீதமான இரவுகளிலாவது 4 மணித்தியாலம் பாவித்தால்தான் ஆள் ஒழுங்காகப் பாவிக்கிறார் என்று ஏற்கிறது. அதை ஆகக் குறைந்த கோடு என்று வைத்துக்கொள்ளலாம். உறங்கும் நேரம் முழுவதும் போடுவதுதான் நோக்கம்.

மாஸ்க்குகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. மூக்கை மட்டும் மூடுபவை முதலாவது. மூக்குத் துவாரங்களின் வாயிலில் இரண்டு சிறு சிலிக்கன் குமிழ்களாக உட்காருபவை இரண்டாவது. இவற்றை 'நேசல் பில்லோ' என்பார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க் மூன்றாவது. ரெஸ்மெட், பிலிப்ஸ், நியூசிலாந்தின் பிஷர் அன் பைக்கல் என்று பெயர்கள் மாறினாலும் அடிப்படை இவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வருபவற்றில் முழுமுக மாஸ்க்கை அடிக்கடி காண்கிறேன். 'முழுவதையும் மூடினால் நல்லதுதானே' என்ற நினைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அது தவறான நினைப்பு. முழுமுக மாஸ்க்குக்குச் சுற்றளவு பெரிது, ஆகவே கசிய இடமும் அதிகம். பட்டியை இழுத்துக் கட்டும்போது அது கீழ்த்தாடையைப் பின்னோக்கித் தள்ளி, திறக்க வேண்டிய தொண்டையையே நெருக்குவதும் உண்டு. மூக்கு மாஸ்க்கோடு ஒப்பிட்டால் இதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது என்றும், பாவிக்கும் நேரம் குறைகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூக்கால் மூச்சுவிட முடிந்த ஒருவர் மூக்கு மாஸ்க்கிலிருந்தோ குமிழ் மாஸ்க்கிலிருந்தோ தொடங்குவதுதான் முறை. வாயால்தான் மூச்சுவிட முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு முழுமுகம் தேவை. அவருக்கு அது வரப்பிரசாதம்தான்.

இனி முகத்துக்கு வருவோம். நம்மூர் ஆண்களுக்கு மீசை இருக்கும். மூக்கு மாஸ்க்கின் கீழ்விளிம்பு மேலுதட்டில் உட்காருவதால், அடர்த்தியான மீசைக்குள் காற்று வழி தேடிக்கொள்ளும். மீசையை எடுக்கச் சொன்னால் வைத்தியரோடேயே கோபித்துக்கொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குமிழ் மாஸ்க் ஒரு சமாதான உடன்படிக்கை. தாடிக்காரருக்கு முழுமுகம் கஷ்டம். பெண்களுக்கு மூக்குத்தி. பல ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தி என்றால் அதன் கல்லும் திருகும், முகத்தில் படியும் சிலிக்கன் குஷனின் விளிம்பைத் தூக்கிப் பிடிக்கும். மூக்கின் தோலிலும் அமிழும். இரவில் கழற்றிவைக்க மனம் ஒப்பாவிட்டால், மூக்கின் அடியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் வகைதான் சரி. பொய்ப்பல் விடயத்தை யாரும் யோசிப்பதில்லை. பல்லோடு இருக்கும்போது அளவெடுத்து, இரவில் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு மாஸ்க்கை மாட்டினால், கன்னம் உள்ளே விழுந்த வேறொரு முகத்தில்தான் அது உட்காருகிறது. படுக்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

அளவெடுப்பதில் கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் செய்த காரியம் சொல்லத்தக்கது. ஆள் வாட்டசாட்டமானவர். அதனால் மகன் பெரிய அளவில் முழுமுக மாஸ்க் அனுப்பியிருந்தார். உடம்பு பெரிதென்றால் மூக்கும் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. காற்று கண்ணுக்குள் அடித்தது. கட்டி இறுக்கினார், மூக்குத் தண்டின் மேல் சிவந்த பள்ளம் ஒன்று விழுந்தது. காலை பத்து மணிக்கு வாசிகசாலைக்கு வரும்போதும் அந்தப் பள்ளம் மாறியிருக்காது. பிறகு நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து அளவுத்தாளை எடுத்து, சந்தியில் இருந்த போட்டோப் பிரதிக் கடையில் அச்சிட்டுப் பார்த்தார். அதன்படி தன் மூக்கு 'நடு' அளவு என்று வந்தது. மனிதர் அதோடு விடவில்லை. தாளின் ஓரத்தில் அச்சான அளவுகோலின் மேல் அடிமட்டத்தை வைத்தார், பொருந்தவில்லை. வட அமெரிக்கத் தாளும் நாங்கள் பாவிக்கும் ஏ4 தாளும் ஒரே அளவல்ல; கடைக்காரரின் கணினி தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கியிருந்தது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம்தான். ஆனால் மாஸ்க்கின் அளவு மாறுவதும் அந்த ஒன்றிரண்டு மில்லிமீற்றரில்தான். வீட்டுக்கு வந்து, கவராயத்தின் இரு கால்களையும் மூக்கின் இரு சிறகுகளுக்கும் வெளியே பிடித்து மனைவியைக் கொண்டு அளக்கச் செய்தார். உண்மையில் சிறிய அளவுக்கும் நடு அளவுக்கும் இடைக்கோட்டில் இருந்தார். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது குமிழ் மாஸ்க்கில். ரெஸ்மெட்டின் எயார்பிட் பி10 போன்ற சிலவற்றில் சிறிது, நடு, பெரிது என்று மூன்று அளவுக் குமிழ்களும் ஒரே பெட்டியில் வருவதுண்டு. மாற்றி வாங்கக் கடை பக்கத்தில் இல்லாத ஊருக்கு அது பெரிய வசதி.

மூக்கு மாஸ்க்குக்குச் சிறகுகளின் அகலம் முக்கியம். முழுமுகத்துக்கு வாயைச் சற்றே திறந்தபடி, மூக்குத் தண்டிலிருந்து கீழுதட்டுக்கு அடிவரை உள்ள நீளத்தைப் பார்க்க வேண்டும். குமிழுக்குத் துவாரத்தின் பருமன் போதும். கண்ணாடி முன் நின்று மாட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை. படுத்துக்கொண்டு, இயந்திரத்தை இயக்கி, காற்று முழு அழுத்தத்துக்கு வந்த பிறகு, வழக்கமாகப் புரளும் இரு பக்கங்களுக்கும் புரண்டு பார்க்க வேண்டும். நிமிர்ந்து இருக்கும்போது இருக்கும் கன்னம் படுக்கும்போது பக்கவாட்டில் வழிந்துவிடுகிறது. பல இயந்திரங்கள் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்தத் தொடக்க நிமிடங்களில் எந்த மாஸ்க்கும் நல்ல மாஸ்க்தான். கசிவு தொடங்குவது நீங்கள் நித்திரையான பிறகு, அழுத்தம் ஏறியபோது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கசிந்தால் இறுக்கு என்பது கைக்கு இயல்பாக வரும் புத்தி. மாஸ்க்கின் குஷன் அப்படி வேலை செய்வதில்லை. அதன் உள்விளிம்பு மெல்லிய சிலிக்கன் சவ்வு. காற்று வந்ததும் அது சைக்கிள் டியூப் போலப் புடைத்து முகத்தின் மேடுபள்ளங்களில் தானே படியும். பட்டியை இழுத்துக் கட்டினால் சவ்வு நசுங்கி மடிகிறது, மடிப்பு வழியே காற்று போகிறது, போகும் காற்றைக் கண்டு மேலும் இறுக்குகிறோம். மூக்குத் தண்டில் புண் வருவது இந்தச் சுற்றில்தான். இயந்திரம் ஓடும்போது மாஸ்க்கை முகத்திலிருந்து மெல்ல இழுத்துத் தூக்கி, சவ்வு புடைத்ததும் திரும்ப உட்காரவிட்டு, அதன் பிறகு பட்டியைக் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் கூட்ட வேண்டும். பட்டிக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் நல்லது. அப்படியும் கசிந்தால் அளவு பிழை, அல்லது வகை பிழை. பட்டியால் அதைத் திருத்த முடியாது.

எல்லாக் கசிவும் கசிவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மாஸ்க்கிலும் நுண்ணிய துளைகளின் கூட்டம் ஒன்று இருக்கும். நாங்கள் வெளிவிடும் கரியமில வாயு அதன் வழியேதான் வெளியேறுகிறது. கையை வைத்தால் காற்று தெரியும், பக்கத்தில் படுப்பவரின் கழுத்திலும் அடிக்கும். அதை ஒட்டுநாடாவால் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். ரெஸ்மெட் இயந்திரங்களின் கணக்கில் இந்தத் துளைக் காற்று ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் அதற்கு மேற்பட்ட கசிவு நிமிடத்துக்கு 24 லீற்றருக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கிறார்கள். மாஸ்க்கின் வகையை மாற்றினால் இயந்திரத்தின் பட்டியலுக்குள் போய் அந்தத் தெரிவையும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணே பிழையாகிவிடும்.

மாஸ்க்கைக் குறை சொல்லுமுன் மூக்கைப் பார்க்கச் சொல்வேன். வலிகாமத்துச் செம்மண் தூசியும், மாரியில் ஒரு தடிமன் போய் அடுத்தது வருவதும் நம்மூர் மூக்குகளை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. மூக்கின் உள்ளே நடுச்சுவர் வளைந்திருந்தாலோ ஒவ்வாமையால் உள்ளே வீங்கியிருந்தாலோ, எவ்வளவு விலை உயர்ந்த மூக்கு மாஸ்க்கும் பூட்டிய கதவில் தட்டுவதாகவே முடியும். காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் ஒருமுறை காட்டி, உப்புநீரால் கழுவுவதோ தெளிமருந்தோ எது பொருத்தமோ அதைத் தொடங்குவது, இன்னொரு மாஸ்க் வாங்குவதைவிட மலிவானது. கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தை நாட்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். வசதி இருந்தால் தடிமன் நாட்களுக்கென்று முழுமுக மாஸ்க் ஒன்றைத் தனியே வைத்திருக்கலாம்.

காலையில் நாக்கு வரண்டு ஒட்டிக்கொண்டால் இரவில் வாய் திறந்திருக்கிறது. நாடியைத் தூக்கிக் கட்டும் பட்டி ஒன்று விற்கிறார்கள். சிலருக்கு உதவுகிறது, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வாயை ஒட்டுநாடாவால் ஒட்டும் பழக்கம் இப்போது கைபேசிக் காணொளிகள் வழியே பரவுகிறது. மூக்கு அடைபட்ட ஒருவருக்கு அது ஆபத்து. பெரும்பாலும் மூக்கைத் திறந்துவிட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

மாஸ்க் வடிவமைப்பவர்கள் சித்திரை மாதத்து யாழ்ப்பாண இரவை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். மின்விசிறி ஓடினாலும் குஷனுக்கு அடியில் வியர்க்கிறது. வியர்வையில் அது வழுக்குகிறது. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகியவரின் நெற்றியும் கன்னமும் அன்றிரவு இன்னும் மோசம். எண்ணெய் சிலிக்கனையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். மூக்கடைப்புக்கு நெஞ்சிலும் மூக்கடியிலும் தைலம் பூசிக்கொண்டு மாஸ்க் போடுவது கூடாது. படுக்குமுன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தாலே பாதிக் கசிவு நின்றுவிடும். வெக்கை தாங்காதவர்களுக்கு, தொடும் பரப்பு குறைந்த குமிழ் மாஸ்க் இன்னொரு காரணத்தாலும் உகந்தது. குஷனுக்கும் முகத்துக்கும் நடுவே வைக்கும் மெல்லிய பருத்தித் துணியுறைகளும் உண்டு. வீட்டில் பழைய வேட்டித் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ளலாம். துளைக்கூட்டத்தை மட்டும் அது மூடக் கூடாது.

இறுக அடைத்த இலவம்பஞ்சுத் தலையணை பக்கவாட்டில் படுப்பவரின் மாஸ்க்கைத் தள்ளி நகர்த்திவிடும். தலையணையின் விளிம்புக்குச் சற்று வெளியே முகம் இருக்கும்படி படுப்பது ஒரு வழி. குழாய் உச்சந்தலையில் இணையும் மாஸ்க் வகை இன்னொரு வழி. புரளும்போது குழாய் கழுத்தைச் சுற்றாது, நுளம்பு வலைக்குள் படுப்பவர்களுக்கும் குழாயை மேலிருந்து இறக்குவது எளிது.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. முகத்தில் எதையோ கட்டிக்கொண்டு இருட்டில் படுப்பது சிலருக்கு மூச்சுமுட்டும் அனுபவம். அமெரிக்கப் படையினராக இருந்தவர்களிடம் செய்த ஆய்வுகளில், போரின் மனவடு உள்ளவர்கள் சிபாப்பைக் குறைவாகவே பாவிக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். பதுங்கு குழிக்குள் இரவுகளைக் கழித்த தலைமுறை இங்கே இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களில் ஒருவர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தால் அதைப் பிடிவாதம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அவருக்குச் சிறிய, கண்ணை மறைக்காத மாஸ்க் வேண்டும், அவசரம் கூடாது. முதலில் பகலில், பட்டி கட்டாமல், தன் கையால் மூக்கில் பிடித்தபடி சில நிமிடம். பிறகு தொலைக்காட்சி பார்க்கும்போது, பத்திரிகை வாசிக்கும்போது பட்டியோடு. அதன் பிறகு காற்றோடு. மத்தியானக் குட்டித் தூக்கத்தில் பழகிய பின் இரவுக்குப் போகலாம். ஒரே இழுப்பில் மாஸ்க்கை எப்படிக் கழற்றுவது என்று முதல் நாளே கைக்குப் பழக்கிவைப்பது பாதிப் பயத்தைப் போக்கும்.

மின்சாரம் நின்றால் மூச்சும் நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு முழு இலங்கையின் மின்சாரத்தையும் நிறுத்திக் காட்டியது. முழுமுக மாஸ்க்கில் காற்று நின்றவுடன் தானே திறந்து அறைக் காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க் போட்டவர் வாயால் மூச்செடுக்கலாம். ஆக மூச்சு முட்டி இறப்பதற்கு வழியில்லை; அன்றிரவு சிகிச்சை தடைப்படும், அவ்வளவே. மின்கலத்தில் ஓட்ட விரும்பினால், ஊதும் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஈரப்பதமூட்டியை நிறுத்திவிடுங்கள். நீரைச் சூடாக்குவதுதான் மின்சாரத்தை விழுங்குகிறது. காற்றை ஊதுவதற்குச் செலவு கொஞ்சம்தான்.

அந்த ஈரப்பதமூட்டிக்குள் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சுண்ணக்கல்லின் மேல் வாழ்கிறோம்; கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் சில நாட்களில் நீர்த்தொட்டியிலும் படியும். காய்ச்சி வடித்த நீர்தான் சரி. மோட்டார் கடைகளில் பற்றரிக்கென்று விற்பவற்றில் அமிலம் கலந்த போத்தலும் நீர் மட்டும் உள்ள போத்தலும் அருகருகே இருக்கும், ஆகவே பாமசியில் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. கடலால் சூழப்பட்ட நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் பலருக்கு ஈரப்பதமூட்டி இல்லாமலேயே சமாளிக்க முடியும். குளிரூட்டிய அறையில் படுப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். அப்போது குழாய்க்குள் நீர் திரண்டு மாஸ்க்கில் சொட்டும். இயந்திரத்தைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்து, குழாய்க்கு ஒரு துணியுறை போட்டால் குறையும்.

குஷனைத் தினமும் மென்மையான சவர்க்காரத்தில், குழந்தைகளுக்குப் பாவிப்பதே போதும், கழுவி நிழலில் காயவிட வேண்டும். டெற்றோலும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். கொடியில் வெயிலில் போடும் நம் வழக்கம் சிலிக்கனுக்கு ஆகாது. மஞ்சளித்து விறைக்கும், விறைத்தால் சவ்வு படியாது. வெளிநாட்டில் காப்புறுதி உள்ளவர்கள் குஷனை மாதக்கணக்கில் மாற்றுகிறார்கள். இங்கே அது சாத்தியமில்லை என்றாலும், திடீரென்று கசியத் தொடங்கிய பழைய மாஸ்க்குக்குப் பட்டியைக் குறை சொல்வதற்கு முன் குஷனை விரலால் அழுத்திப் பாருங்கள். முழு மாஸ்க்கையும் வாங்கத் தேவையில்லை, குஷன் மட்டும் தனியே கிடைக்கும்.

உறவினர் பாவித்து விட்ட இயந்திரம் வந்தால் அதன் மாதிரிப் பெயரை முதலில் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேசன் உட்படப் பல மாதிரிகளைத் திரும்பப் பெற்றது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சுப்பாதைக்குள் போகக்கூடும் என்பது காரணம். அப்படித் திரும்பப் பெறப்பட்டவை யாருடைய அறையிலாவது தூங்கிக்கொண்டிருந்து பார்சலில் வந்து சேரலாம். இயந்திரத்தை இரவல் வாங்கினாலும் மாஸ்க்கை இரவல் வாங்காதீர்கள். அழுத்த அளவும் அவருக்குக் குறித்ததுதான். யாழ் போதனா வைத்தியசாலையிலோ வேறிடத்திலோ உங்களைப் பார்க்கும் வைத்தியர் குறிக்க வேண்டியது உங்களுடையதை. அவரிடம் போகும்போது மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று, இந்த ஊருக்கே உரியது. பல மாஸ்க்குகளில் பட்டியை மாட்டும் கொக்கியில் சிறு காந்தம் இருக்கிறது. கழற்ற எளிது என்பதால் வைத்தார்கள். 2022 செப்டெம்பரில் பிலிப்ஸும், 2023 நவம்பரில் ரெஸ்மெட்டும் இந்தக் காந்தங்களைப் பற்றி எச்சரிக்கை விட்டன. இதயமுடுக்கி, மூளைக் குருதிக்குழாயில் போட்ட உலோகக் கவ்வி, செவியில் பொருத்திய கருவி போன்றவை உள்ளவர்கள் இந்த மாஸ்க்கைப் பாவிக்கக் கூடாது, அல்லது காந்தம் அவற்றிலிருந்து 6 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். பாவிப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுப்பவருக்கும் இது பொருந்தும். கண்ணுக்குள் இருக்கும் உலோகத் துகளும் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது. ஷெல் துண்டுகளோடு வாழும் மனிதர்கள் இங்கே எத்தனையோ பேர். தலையிலோ முகத்திலோ கழுத்திலோ அப்படி ஒன்று இருந்தால், பழைய எக்ஸ்ரே படத்தோடு வைத்தியரிடம் கேட்ட பிறகுதான் காந்தக் கொக்கி மாஸ்க்கைத் தொட வேண்டும். அதே மாஸ்க்குகள் சிலவற்றுக்குக் காந்தமில்லாத கொக்கிகள் தனியே கிடைக்கின்றன. முன்பு சொன்ன எயார்பிட் பி10 குமிழ் மாஸ்க்கில் காந்தமே இல்லை.